கழற்றி வைத்த தகரம்

அந்தத் தகரத்தைக் கழற்றியவன் நான்தான். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. வீரராகவன் ஐயா போன தை மாதம் காலமாகிவிட்டார். இனிமேல் சட்டையைப் பிடித்துக் கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்தான் இவன் வாயைத் திறக்கிறான் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்மை அதுதான்.

என் பெயர் குப்புராஜ். புதுவாயல் கூட்ரோட்டில், கல்கத்தா ரோட்டைப் பார்த்தாற்போல மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர், அம்பாசிடர், வயல் பம்ப்செட் என்று எது வந்தாலும் பிரித்துப்போட்டு மாட்டிக் கொடுத்துவிடுவேன். வாயும் கொஞ்சம் அதிகம். ‘குப்புராஜ் கை வெச்சா செத்த இன்ஜினும் எழுந்து குந்தும்’ என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

வீரராகவன் ஐயாவுக்கு வீடு புதுவாயலில். திருப்பாச்சூர்ப் பக்கம் நெல் வயல் நிறைய. மனிதருக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, கார்ப் பைத்தியம் ஒன்றைத் தவிர. மெட்ராஸில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் போர்ஷே காரை விற்றுவிட்டுப் போனார். அதை ஐயா வாங்கினார். இரண்டே சீட்டு. தவளை குந்திக்கொண்டிருப்பது போல ஒரு உருவம். பிள்ளைகள் அதைத் ‘தவளைக் கார்’ என்றுதான் கூப்பிடும். இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, எல்லாம் காற்றிலேயே குளிரவேண்டும். முதல் தடவை அது என் ஷெட்டுக்கு வந்தபோது மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் இடத்தைக் கால் மணி நேரம் தேடினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். டிரைவர் கலியன் பார்த்துவிட்டான். பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல பையன்.

ஐயாவுக்குக் கண் பார்வை மங்கல். அதனால் கலியனை வைத்திருந்தார். பழவேற்காட்டில் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அப்பன், அண்ணன்கள், மாமன் மச்சான் எல்லோரும் படகு. இவன் ஒருத்தன்தான் லைசென்ஸ் எடுத்துக் காக்கிச் சட்டை போட்டவன். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பின்மூடியைத் திறப்பான். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவுவான். இடுப்பில் செருகியிருக்கும் துணியால் துடைப்பான். மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெயிலில் தூக்கிப் பார்ப்பான். அப்புறம்தான் சாவி. ஒரு நாள் தவறினது கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தெட்டு சித்திரையில் கிளட்ச் வழுக்குகிறது என்று வண்டி வந்தது. கிளட்சைத் தொடவேண்டுமானால் இன்ஜினைக் கீழே இறக்கவேண்டும். இறக்கவேண்டுமானால் அதைச் சுற்றிப் பெட்டி ஓரம் வரைக்கும் அடைத்திருக்கிற தகரங்களைக் கழற்றவேண்டும். கழற்றினேன். கிளட்ச் தட்டு மாற்றினேன். இன்ஜினை மேலே ஏற்றினேன். தகரத்தைக் கையில் எடுத்தபோதுதான் என் புத்தி வேலை செய்தது.

எங்கள் பக்கம் பம்ப்செட் சூடானால் என்ன செய்வோம்? ஷெட்டுத் தகரத்தைப் பிரித்துவிடுவோம். நாலு பக்கமும் காற்று அடிக்கும், சூடு இறங்கும். இருபது வருஷமாக ஒவ்வொரு வயலிலும் நான் சொல்லிவருகிற வைத்தியம் அது. இந்த இன்ஜினுக்குக் காற்றுதான் தண்ணீர். அதைச் சுற்றிலும் தகரம் வைத்து அடைத்தால் பாவம் எப்படி மூச்சு விடும்? ஜெர்மனியில் பனி கொட்டுகிறது, அங்கே அடைத்து வைத்தார்கள். நம் ஊர்ச் சித்திரையில் எதற்கு? இப்படி எனக்கு நானே ஒரு பிரசங்கம் பண்ணிக்கொண்டு தகரத்தை ஓரமாகப் போட்டேன்.

“அண்ணே, இத்த மாட்டலியே?” என்று கேட்டான் கலியன்.

“வேணாம்டா. இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.”

“அந்த வெள்ளக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீ குடிக்க வந்த லாரிக்காரர்கள் நாலு பேர் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். “டேய், வலையில எங்க ஓட்டை இருக்கணும்னு உனுக்குத் தெரியும். இன்ஜின்ல எங்க ஓட்டை இருக்கணும்னு எனுக்குத் தெரியும். நீ போயி ஸ்டீரிங்கப் புடி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கலியனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பெரிய தகரத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் சம்சாரம் கோவிந்தம்மா கோழிக் கூண்டுக்குக் கதவு இல்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆணியை வைத்து ஓரத்தில் இரண்டு ஓட்டை அடித்து, கம்பி கோத்து, கதவாகக் கட்டிக் கொடுத்தேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

மூன்று மாதம் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திருவள்ளூர் போகும், வரும், அவ்வளவுதான். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வேப்பிலை கட்டிய ஜனங்களுக்கு நடுவே கார் ஒரு மணி நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்திருக்கிறது. திரும்பும்போது ஆரணி தாண்டி ரோடு கிடைத்ததும் கலியன் கொஞ்சம் வேகம் எடுத்திருக்கிறான். அங்கேயே இன்ஜின் ஒரு சத்தம் போட்டு ஜாம் ஆகி நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்கள்.

பிரித்தேன். பிஸ்டன் எல்லாம் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக் கீறிப்போயிருந்தது. பேரிங் வெந்து நீலம் பாரித்திருந்தது. ஆயில் குச்சியை உருவினால் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். அதிகச் சூட்டில் ஆயில் தண்ணீராகி இடுக்கெல்லாம் வழிந்து வெளியே போயிருந்தது. இன்ஜின் அடியெல்லாம் ஈரம். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, “ஆயில் இல்லாம ஓட்டிக்கிறான் ஐயா” என்றேன்.

வாயில் அதுதான் முதலில் வந்தது. என் மேல் தப்பு இருக்கலாம் என்ற நினைப்பு உள்ளே எங்கேயோ லேசாக அசைந்தது. அதை அப்படியே அமுக்கினேன்.

கலியன் முகம் வெளுத்துப்போயிற்று. “காலைல பாத்தேன் ஐயா. நெறைய இருந்துச்சு. சத்தியமா பாத்தேன்” என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, “அண்ணே, அந்தத் தகரத்தக் கழட்டினீங்களே, அதனால எதுனா…” என்று இழுத்தான்.

நான் விட்டேன் ஒரு சிரிப்பு! “கேட்டுக்கினீங்களா ஐயா? ஆயில் தீந்து இன்ஜின் சாவலியாம். தகரம் இல்லாம செத்துப்பூட்ச்சாம். சட்ட போடாம மனுஷன் செத்துடுவானா?” என்று கேட்டேன். ஐயா சிரித்தார். வண்டி இழுத்து வந்தவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் கூடச் சிரித்தார். இந்தத் தடவை கலியன் சிரிக்கவில்லை.

அவன் டீக்கடைக்குப் போய்க் கற்பூரம் வாங்கி வந்தான். என் பெரிய ஸ்பேனரைத் தரையில் வைத்து அதன் மேல் ஏற்றினான். “ஆயில் பாக்காம நா வண்டிய எடுத்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்” என்று சொல்லி, வலது உள்ளங்கையை விரித்து நெருப்பின் மேல் வைத்து அமுக்கினான். சாதாரணமாகப் பட்டென்று தட்டி அணைப்பார்கள். இவன் கையை எடுக்கவே இல்லை. நாற்றம் வந்தது. ஐயாதான் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

“குப்புராஜு, நீயும் ஒரு கற்பூர வில்லய அணைச்சிடு. பிரச்சன தீந்துச்சு” என்றார் ஐயா.

“தொழில் பண்ற ஆயுதத்து மேல நா சத்தியம் பண்றதில்லீங்க ஐயா. இன்ஜின் இன்னா சொல்லுதோ அதான் எனுக்குச் சத்தியம்” என்று சொல்லி, வெந்த பேரிங்கை எடுத்து அவர் கையில் வைத்தேன். எவ்வளவு அழகாகப் பேசினேன் பாருங்கள்! ஐயா அந்தப் பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கலியனிடம், “நீ ஊட்டுக்குப் போ” என்றார். அவன் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

போர்ஷேக்கு வேறு பிஸ்டன் இந்தியாவில் கிடைக்காது. ஆனால் ஆமை வடிவத்தில் வோக்ஸ்வேகன் என்று ஒரு கார் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே தாய் வயிறு, அந்தக் காற்று இன்ஜினை இதில் பூட்டலாம் என்று மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் பூவராகவன் சொன்னான். விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த இன்ஜினை லாரியில் போட்டு அவனே கொண்டுவந்தான். ஜாக்கி வைத்து இரண்டு பேருமாக ஏற்றினோம். நாலே போல்ட். ராஜா மாதிரி போய் உட்கார்ந்தது. ஆக்ஸிலேட்டர் கம்பி மட்டும் எட்டவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து நான் ஒன்று செய்தேன். பூவராகவன், “மெய்யாலுமே கைகாரன்யா நீ” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவன் பின்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். “சுத்துத் தகரம் எங்கய்யா?”

“எந்தத் தகரம்?”

“இன்ஜினச் சுத்தி அடைக்கிற தகரம்யா. எங்கிட்ட கீறது ஆமைக்குத்தான் ஆவும். இதுக்கு இதோட பழைய தகரம்தான் உக்காரும்.”

“அது இல்லாட்டி இன்னா?”

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “இன்னா நைனா இப்டி கேக்கற? மேல கீற ஃபேன் குளுந்த காத்த இஸ்து உள்ள அடிக்கும். சூட்டுக் காத்து கீழால போயிடும். நடுவுல தகரம் இல்லன்னு வெச்சுக்க, கீழ போன சூட்டையே ஃபேன் திரும்பி இஸ்துக்கும். போத்திக்கினு படுத்தவன் தன் மூச்சையே தான் இழுக்கிற மாதிரி. கூட்டத்துல மாட்டுச்சுன்னா ஒரு மணி நேரம் தாங்காது. ஆயிலெல்லாம் கக்கிட்டு ஜாம் ஆயிடும்.”

நான் குனிந்து பார்த்தேன். கையில் சைக்கிள் கம்பி மிச்சம் இருந்தது.

“பழைய இன்ஜின் எப்டிப் போச்சு?” என்று கேட்டான்.

“டிரைவர் ஆயில் பாக்கல” என்றேன்.

முதல் தடவை சொன்னது ஆத்திரத்தில், அவசரத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்து சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கேவலம் தகரத்தைக் கழற்றியது இல்லை. இதுதான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்க் கோழிக் கூண்டுக் கதவைப் பிய்த்தேன். “கோழிய நாய் கவ்வினு போவட்டுமா?” என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்த கோவிந்தம்மா, தகரத்தையும் என் மூஞ்சியையும் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “இது அந்தத் தவளக் காரோடதா? கலியன் சொன்னானாமே, அந்தத் தகரமா?”

“உன் வேலையப் பாத்துக்கினு போடி.”

“பாவம்யா அந்தப் புள்ள. அவுங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடேன்.”

“ஷெட்ட இழுத்து மூடிட்டு உங்க அப்பன் ஊட்டுல போயி குந்தறதா?” என்று கத்தினேன். இரண்டு நாள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

தகரத்தைத் தேய்த்துக் கழுவி, ஷெட் ஓரத்தில் கிடந்த சின்னத் தகரங்களோடு சேர்த்து மாட்டினேன். இரண்டு ஆணி ஓட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டி சும்மா ஜம்மென்று கிளம்பியது. ஐயா வந்து உட்கார்ந்து ஆரணி வரைக்கும் போய் வந்தார். “சத்தம் மாறிப்போச்சு, பழைய வேகமும் இல்ல. ஆனா ஓடுதே, அதுவே போதும்யா” என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் கலியன் கும்மிடிப்பூண்டியில் லாரி ஷெட் ஷெட்டாக வேலை கேட்டு அலைந்திருக்கிறான். போன இடமெல்லாம், “ஆயில் பாக்காத டிரைவரு நீதான?” என்றிருக்கிறார்கள். கதை அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? என் டீக்கடைப் பேச்சுத்தான்.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு உறுத்தியது. ஐயாவிடம் போய், “கலியனையே திரும்ப வெச்சுக்குங்க ஐயா. சின்னப் பையன். மன்னிச்சு உட்டுடலாம்” என்றேன். என் தப்புக்கு அவனை மன்னிக்கச் சொல்லிச் சிபாரிசு! வெட்கம் கெட்ட ஜென்மம். ஐயா நெகிழ்ந்துபோய், “உனுக்குப் பெரிய மனசுய்யா” என்றார். “அவன் வந்து, தப்பு பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். சாவியக் கொடுத்துடறேன்.”

பஸ் பிடித்துப் பழவேற்காடு போனேன். கலியன் கரையில் குந்தி வலையில் சிக்கிய பாசியைப் பிரித்துக்கொண்டிருந்தான், இடது கையால். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கொப்புளம் உடைந்து, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஆறவே இல்லை என்றாள் அவன் மனைவி அஞ்சம்மாள். அவளுக்கு ஏழு மாதம். கயிறு இழுக்க முடியாதவனை எந்தப் படகில் ஏற்றுவார்கள்? அண்ணன்கள் பாவம் பார்த்துக் கொடுக்கிற மீனில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அஞ்சம்மாள் நேராக என்னைக் கேட்டாள். “இன்ஜின நீங்கதான பிரிச்சீங்க அண்ணே. இவுரு மேல தப்பு இல்லன்னு உங்களுக்கே தெரியாதா?”

“எனுக்கு இன்னாம்மா தெரியும்? இன்ஜின் சொன்னத சொன்னேன்” என்றேன். நாக்கு எப்படித்தான் புரண்டதோ. கலியன் வலையைக் கீழே வைத்தான். “ஒரே ஒரு வார்த்ததான? வரேன் அண்ணே” என்றான்.

மறுநாள் காலை என் ஷெட்டுக்கு வந்தான். துவைத்த காக்கிச் சட்டை. ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமான நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கலியன் ஐயாவைக் கும்பிட்டுவிட்டு, பழக்க தோஷம், நேரே போய்ப் பின்மூடியைத் திறந்தான். ஆயில் குச்சியை உருவப் போனவன் கை அப்படியே நின்றது.

தகரத்தைப் பார்த்துவிட்டான். விரலால் ஒரு ஆணி ஓட்டையைத் தடவினான். அப்புறம் இன்னொன்றை. ஓரத்து ரப்பரில் நான் கழுவும்போது கவனிக்காத ஒரு சின்னக் கோழி இறகு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. நான் மூன்றடி தள்ளி நின்றேன். இப்போது கத்துவான், சட்டையைப் பிடிப்பான், அந்தச் சாக்கில் நானும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கத்துடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவன் மூடியைச் சாத்தினான். ஐயாவிடம் போய் நின்றான். “தப்பு என்னுதுதான் ஐயா. ஆயில் பாக்காம எடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றான். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஐயா சாவியைக் கொடுத்தார். நாலு பேரும், “குப்புராஜு சொன்னது சரியாப் போச்சு பாத்தியா” என்றார்கள்.

ஐயா ஏறி உட்கார்ந்ததும் நான் அவன் பக்கத்தில் போய், “கலியா…” என்றேன்.

“அன்னிக்கே சொன்னேனே அண்ணே” என்றான் தாழ்ந்த குரலில். “சிரிச்சீங்க. இன்னிக்குச் சொன்னாலும் சிரிப்பாங்க. எனுக்கு வேல வேணும்.” இறகை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

ஏழு வருஷம் ஐயாவிடம் ஓட்டினான். அந்த இன்ஜின் ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. ஆனால் அவன் பழக்கம் மட்டும் ஒன்று மாறியது. ஆயில் குச்சியை முன்னெல்லாம் தானே பார்த்துக்கொள்வான். இப்போது பக்கத்தில் யார் இருந்தாலும் அவரிடம் நீட்டி, “பாத்துக்குங்க, சரியா கீதா?” என்று கேட்டு, அவர் சொன்ன பிறகுதான் உள்ளே விடுவான். ஐயாவிடம் காட்டுவான். ஐயா இல்லாவிட்டால் வாசல் கூட்டுகிறவளிடம் காட்டுவான். பெட்ரோல் பங்கில் அடுத்த வண்டிக்காரனிடம் காட்டுவான். ஊரே அவனுக்கு ‘ஆயில் கலியன்’ என்று பேர் வைத்தது.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறான். பெரிய மகளுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் அவளையும் ‘ஆயில் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். போன வாரம் பிரேக் பார்க்க ஷெட்டுக்கு வந்தான். வேலை முடிந்து கிளம்பும்போது ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஐயாவும் போய்விட்டார், இன்றாவது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“கலியா, அன்னிக்கு அந்தத் தகரம்…”

அவன் வேனின் மூடியைத் திறந்து ஆயில் குச்சியை உருவினான். துடைத்தான். மறுபடி விட்டு உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினான். உள்ளங்கை நடுவில் கற்பூரம் சுட்ட வட்டம், தோல் சுருங்கி, வெள்ளையாக இருந்தது.

“அதெல்லாம் எதுக்கு அண்ணே. ஆயில் சரியா கீதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் பார்த்தேன். கோடு வரைக்கும் நிறைந்திருந்தது.

“சரியா கீதுப்பா” என்றேன்.